உலாவிக்கு ஒரு மொழி, சர்வருக்கு ஒரு மொழி

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால், கூடுவாஞ்சேரியை அடுத்து ஜோஹோ நிறுவனத்தின் கட்டடங்களைக் காணலாம். வலைத்தளம் அமைக்கக் கற்கும் மாணவர்கள், "எந்தக் கணிப்பொறி மொழி சிறந்தது?" என்று கேட்டுப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுகிறார்கள். அந்தக் கேள்வி சரிதானா? இந்நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1996-ஆம் ஆண்டு ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் தொடங்கிய இந்நிறுவனம் முன்பு அட்வென்ட்நெட் எனப்பட்டது. கணிப்பொறி வலையமைப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருள்களை அது செய்து விற்றது. ஒரு வலையமைப்பில் பலவகைக் கணிப்பொறிகள் இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே நிரல் எழுதினால் வேலை பன்மடங்காகும். 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அறிமுகப்படுத்திய ஜாவா இதற்கு வழி காட்டியது. ஜாவா நிரல் முதலில் ஓர் இடைநிலைக் குறியீடாக மாற்றப்படுகிறது. அந்தந்தக் கணிப்பொறியில் நிறுவப்பட்ட ஜாவா இயக்கி அக்குறியீட்டைப் படித்து வேலையை முடிக்கிறது. எனவே ஒருமுறை எழுதியது பல இடங்களில் ஓடும். அட்வென்ட்நெட் ஜாவாவைக் கைக்கொண்டதன் பொருத்தம் இப்போது விளங்கும்.

ஜாவாவை உலாவிக்குள்ளும் ஓட்ட முயன்றார்கள். 'ஆப்லெட்' எனப்பட்ட அந்நிரல்களுக்குத் தனி இணைப்பு மென்பொருள் தேவைப்பட்டது. தொடங்கவும் நேரம் பிடித்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாட்களில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்டோ, உலாவியிலேயே அடங்கியிருந்தது. பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு மொழிகள்.

ஆயினும் ஒரு தடை இருந்தது. சர்வரிலிருந்து சிறு செய்தி வேண்டுமென்றாலும் முழுப் பக்கமும் மீண்டும் வர வேண்டும். நாம் கட்டுரை எழுதும்போது தாள் அடிக்கடி மறைந்து தோன்றினால் எப்படி எழுதுவது? 1999-இல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் சேர்த்த ஒரு வசதி, தேவையான பகுதியை மட்டும் வரவழைக்க உதவியது. பிற உலாவிகளும் அதனை ஏற்றன. 2005-இல் 'ஜோஹோ ரைட்டர்' என்னும் எழுது மென்பொருள் உலாவியிலேயே இயங்கத் தொடங்கியது. முன்னால் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட், பின்னால் சர்வரில் ஜாவா என்பதே ஏற்பாடு. 2009-இல் நிறுவனமும் ஜோஹோ என்று பெயர் மாறியது.

2017-இல் வெளிவந்த ஜாவா 9, ஆப்லெட்டைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது. சர்வரிலோ ஜாவா இன்றும் உழைக்கிறது. மொழி ஒன்றே, இடம்தான் வேறு.

கம்பியின் விட்டத்தை அளக்கத் திருகு அளவி வேண்டும். அறையின் நீளத்தை அளக்க நாடா போதும். இவற்றில் எது சிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. வாசகர்களே, நீங்களும் பணம் கட்டுமுன் மூன்றை எண்ணிப் பாருங்கள்: நிரல் எங்கே ஓடும்? அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது? பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அது ஓடுமா? விடை கிடைத்தால் மொழி தானே புலப்படும்.