அரிகொட்டாரத்துச் சமணக் கல்

2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு லெஸ்டர் நகரில், கார்கள் நிறுத்தும் ஒரு திடலை அகழ்ந்த ஆய்வாளர்கள், இடைக்காலத்துப் பிரான்சிஸ்கன் துறவியர் மடம் ஒன்றின் அடித்தளத்தையும், அங்கே அடக்கம் செய்யப்பெற்ற மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளையும் கண்டெடுத்தனர். இரந்துண்டு வாழ்ந்த துறவியரின் இல்லம் ஓர் அரசனின் முடிவைத் தன்னுள் மறைத்து வைத்திருந்தது. நம்மவர் பலர் குடியேறி வாழும் கன்னட நாட்டிலும் அரசியல் வரலாற்றைச் சுமந்து நிற்கும் துறவியர் தலம் ஒன்று உண்டு. அதைக் காண மண்ணைத் தோண்ட வேண்டுவதில்லை; சாமராஜநகர் வரை சென்றாற் போதும்.

இவ்வூருக்கு 1818-இல்தான் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தம் தந்தையார் பெயரைச் சூட்டினார். அதற்கு முன் இது அரிகொட்டாரம். இங்குள்ள பார்சுவநாதர் பசதி என்னும் சமணக் கோயிலை 1117-இல் எடுப்பித்தவன் புணிசன். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன். மன்னன் வைணவம் தழுவினான் என்பது மரபு. ஆயினும் பட்டத்தரசி சாந்தலையும் படைத்தலைவர் சிலரும் சமணராகவே இருந்தனர். பிரான்சிஸ் முனிவர் ஐரோப்பாவில் தம் சபையைத் தொடங்கியது இதற்கு 92 ஆண்டுகளுக்குப் பின்னரே.

எறும்புக்கும் தீங்கு நினையாத அறத்துக்குக் கோயில் எடுத்தவனின் கல்வெட்டு போர்ச் செய்திகளால் நிரம்பியிருப்பது வியப்பன்றோ! தோடரை அச்சுறுத்தினான், கொங்கரை ஒளிந்தோடச் செய்தான், மலையாளரை மாய்த்தான், நீல மலையினுட் புகுந்து அதன் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினான் என்று அக்கல் புகழ்கிறது. நீலகிரியும் தோடரும் குறிக்கப்பெறும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் இது முதன்மையானது. முந்திய ஆண்டாகிய 1116-இல்தான், நூறாண்டுக்கு மேல் சோழர் வசமிருந்து இராசராசபுரம் என்றும் வழங்கிய தலைக்காடு ஹொய்சளர் கைக்கு மாறிற்று. ஆகவே தமிழராகிய நாம் இக்கல்லைப் படிக்குங்கால் தோற்றவர் வரிசையில் நின்று படிக்கிறோம். வென்றவன் எழுதிய சொற்களை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும் சோழர் ஆட்சி இப்பகுதியினின்று அகன்ற காலத்துக்கு இத்துணை அருகில் நின்று பேசும் சான்றை ஒதுக்கவும் இயலாது.

அதே கல்லில் மற்றொரு செய்தியும் உண்டு. பொருளிழந்த வணிகர், விதைக்க வித்தில்லாத உழவர், அதிகாரம் பறிபோன வேட்டுவத் தலைவர் ஆகியோர்க்கு அவரவர் இழந்ததை அளித்துப் புணிசன் காத்தானாம். கங்கவாடியின் பசதிகளையும் அழகுறுத்தினானாம். போரின் பின் நாடு எந்நிலையில் இருந்தது என்பதை, 'வித்தில்லாத உழவர்' என்ற ஒரு குறிப்பே நமக்குப் போதிய அளவு உணர்த்துகிறது. வெற்றி முழக்கத்தைவிட நாம் பெரிதும் மதிப்பது இக்குறிப்பையே.

இவ்வட்டாரத்து மலையூரில் கனககிரி என்னும் சமணக் குன்றும் உள்ளது. 'ராஜாவளி கதெ' இயற்றிய தேவசந்திரர் அவ்வூரினர். சுவடிகள் திரட்டிய காலின் மெக்கன்சிக்கும் உதவியவர்.

சாமராஜநகரிலிருந்து ஆசனூர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலத்துக்கு இறங்கும் சாலையில் நம்மவர் ஊர் திரும்புகின்றனர். கொங்கு நாடு அம்மலைச் சரிவின் அடியிலேயே தொடங்கிவிடுகிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பசதியை ஒருமுறை கண்டு வரலாம்.