ஸ்லைடு இணையத்துக்கு வந்த கதை

இன்னைக்கு நாம பேசப்போறது ஸ்லைடு ஷோ பத்தி. பள்ளிக்கூடம், ஆபீஸ், கல்யாண மண்டபம்னு எல்லா இடத்திலும் பார்க்கிற சாதாரண விஷயம்தான். ஆனா அதோட வரலாற்றுக்குள்ள ஒரு கேள்வி ஓடிக்கிட்டே இருக்கு: நாம உட்கார்ந்து செஞ்ச ஸ்லைடு கடைசியில் யார் கையில் இருக்கு? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போவோம்.

முதலில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் காலம். கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதில் மார்க்கர் பேனாவால் எழுதி, விளக்கு மேல வைப்பாங்க. சுவரில் பெரிசாத் தெரியும். 80களிலும் 90களிலும் கல்லூரியில் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஷீட்டை அழகாத் தயாரிக்கணும் என்பதற்காகப் பிறந்ததுதான் பவர்பாயிண்ட். ராபர்ட் காஸ்கின்ஸ் என்பவரின் யோசனை அது. அதை மென்பொருளாக வடித்ததில் பெரும்பங்கு டென்னிஸ் ஆஸ்டினுடையது. ஃபோர்தாட் என்ற சின்ன நிறுவனம் 1987இல் அதை வெளியிட்டது. விண்டோஸுக்கு இல்லைங்க, ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு. அதுவும் கறுப்பு வெள்ளையில். சில மாதங்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. விண்டோஸ் பதிப்பு வந்தது 1990இல்.

இந்தக் கட்டத்தில் நம்ம கேள்விக்குப் பதில் சுலபம். ஸ்லைடு உங்க பிளாப்பியில் இருக்கு. உங்க பிளாப்பி உங்க சட்டைப்பையில் இருக்கு. அவ்வளவுதான்.

சிக்கல் எங்கேன்னா, அதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான். அவரிடம் அதே மென்பொருள் வேணும். விலை கொடுத்து வாங்கணும். தமிழில் செஞ்சிருந்தா இன்னொரு தலைவலியும் சேர்ந்துக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன்னாடி பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டச்சு செய்வோம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தா, முகமூடி கழன்று வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பென் டிரைவில் ஸ்லைடோடு எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்துட்டுப் போன ஆசிரியர்கள் எத்தனையோ பேர்.

இப்போ 2004, 2005க்கு வருவோம். ஜிமெயில் வருது, கூகுள் மேப்ஸ் வருது. பக்கம் முழுக்க மறுபடி ஏறாமலேயே திரையின் ஒரு பகுதி மட்டும் மாறுது. அஜாக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு மென்பொருளை ஓட்டலாம்னு எல்லாருக்கும் உறைச்சது அப்போதான்.

இதில் நம்ம ஊருக்கும் நேரடிப் பங்கு உண்டு. அட்வென்ட்நெட் என்ற நிறுவனம், இன்றைய சோஹோ, சென்னையில் பொறியாளர்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தது. அவர்கள் 2006இலேயே சோஹோ ஷோ என்ற இணையவழி ஸ்லைடு கருவியைக் கொண்டுவந்தார்கள். கூகுள் தன் கருவியை வெளியிட்டது 2007 செப்டம்பரில். அதற்காக அந்த வருஷமே டானிக் சிஸ்டம்ஸ், ஜென்டர் என்று இரண்டு சின்ன நிறுவனங்களை வாங்கியிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பவர்பாயிண்டை இலவசமாகப் பிரவுசருக்குள் கொண்டுவந்தது 2010இல்.

ஸ்லைடு செய்வது ஒரு பக்கம். அதை ஊருக்குக் காட்டுவது இன்னொரு பக்கம். அங்கே வந்தது ஸ்லைடுஷேர். 2006 அக்டோபரில் ரஷ்மி சின்ஹா, ஜோனதன் பூட்டெல், அமித் ரஞ்சன் மூவரும் தொடங்கியது. அணியில் ஒரு பகுதி டெல்லியில் இருந்தது. கோப்பை ஏற்றினால் போதும், யார் வேணும்னாலும் பிரவுசரிலேயே பார்க்கலாம், தங்கள் வலைப்பூவில் ஒட்டிக்கொள்ளலாம். வீடியோவுக்கு யூடியூப் செய்ததை இது ஸ்லைடுக்குச் செய்தது. ஒரு கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் பேசின பேச்சு, ஊர் பேர் தெரியாத ஒரு மாணவருக்கும் போய்ச் சேர்ந்தது. இதை நான் சின்ன விஷயமா நினைக்கலை.

2009இல் ஹங்கேரியின் புடாபெஸ்டிலிருந்து பிரெஸி வந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டாமல், ஒரே பெரிய விரிப்பில் உள்ளே போய் வெளியே வரும் பாணி. பார்த்தவர்களில் சிலருக்குத் தலை சுற்றியது என்பதும் உண்மை.

இனிமேதான் கதையின் மறுபக்கம். அந்தக் காலக் கருவிகள் பல ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் ஓடின. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபிளாஷுக்கு எதிராக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஐபோனிலும் ஐபேடிலும் அதற்கு இடமே கிடையாது. ஸ்லைடுஷேர் 2011இல் ஹெச்.டி.எம்.எல்.5க்கு மாறிக்கொண்டது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபியே ஃபிளாஷைக் கைவிட்டது. மாறாத கருவிகள் அதோடு போயின.

கருவிகள் கைமாறுவதும் நடந்தது. ஸ்லைடுராக்கெட்டை 2011இல் விஎம்வேர் வாங்கியது, 2013இல் கிளியர்ஸ்லைடுக்குக் கைமாறியது, பிறகு மூடப்பட்டது. ஸ்லைடுஷேரை 2012இல் லிங்க்ட்இன் சுமார் 11.9 கோடி டாலருக்கு வாங்கியது. 2020இல் அது ஸ்கிரிப்டிடம் போனது. ஸ்கிரிப்ட் சந்தா வாங்கி நடத்தும் நிறுவனம். இலவசமாகக் கொடுக்கணும்னு ஆசையோடு ஏற்றினவங்க யாரும் இந்தக் கைமாற்றங்களில் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை.

இலவசத்துக்கு இன்னொரு விலையும் இருந்தது. பிரெஸியின் இலவசக் கணக்கில் நீங்க செஞ்சது எல்லாமே பொதுப்பார்வைக்கு. மறைச்சு வைக்கணும்னா காசு. ஆக, காசாகக் கொடுக்காதவர் தனிமையாகக் கொடுத்தார்.

அப்போ இதையெல்லாம் விட்டுடணுமா? இல்லைங்க. ஒரு அரசுப் பள்ளி ஆசிரியர் காசு செலவில்லாமல் பாடம் தயாரிச்சு, ஒரு இணைப்பை அனுப்பி, அதை மாணவர் போனில் திறக்க முடியுது. யூனிகோடில் எழுதியிருந்தா தமிழும் சிதையாது. பிளாப்பி காலத்தில் இது கனவு. நான் சொல்றது மூணே விஷயம்.

ஒண்ணு, பகிரும்போது எதிராளிக்கு என்ன உரிமை கொடுக்கறீங்கன்னு பாருங்க: பார்க்க மட்டுமா, கருத்து எழுதவா, திருத்தவா? கூகுள் ஸ்லைட்ஸில் இந்த மூன்றும் தனித்தனி. இரண்டு, முடிச்ச உடனே பி.டி.எஃப். ஒண்ணும் பி.பி.டி.எக்ஸ். ஒண்ணும் இறக்கி உங்க கணினியில் வைங்க. மூணு, மாணவர் பெயர், மதிப்பெண், போட்டோ இருக்கிற ஸ்லைடைப் பொதுவில் போடாதீங்க.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போ பதில் சொல்லலாம். ஸ்லைடு இருப்பது இன்னொருத்தர் வீட்டில். வாடகை கேட்காத வீடுதான், ஆனா வீட்டுக்காரர் மாறலாம், வீட்டையே இடிக்கலாம். பத்திரத்தோட நகலை நம்ம பெட்டியில் வச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.