ஆடிக்கூழ் வார்த்தல்

ஆடி மாதத்தில் (ஜூலை நடு – ஆகஸ்ட் நடு) அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழைப் படைத்து ஊராருக்கு ஊற்றும் வழிபாடு. வட தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பரவலானது. புதுச்சேரியில் நெசவாளர் குடியிருப்பாக வளர்ந்த முத்தியால்பேட்டையிலும் அதையடுத்த மீனவக் குப்பங்களிலும் மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்தது.

முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க விடுவர். அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டுவர். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். ஆறிய கூழை மறுநாள் உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவர். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, வீடுகளில் மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு.

பல ஊர்களில் பெண்கள் வீட்டில் காய்ச்சிய கூழை மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய குடங்களில் சுமந்து வந்து கோயில் அண்டாவில் ஊற்றுவர். ஒரு வீட்டுக் கூழ் கெட்டி, இன்னொன்றில் புளிப்புத் தூக்கல். கலந்தபின் எது யாருடையது என்று சொல்ல முடியாது. வழிபாட்டின் உயிர் இந்த அண்டாவில்தான் இருக்கிறது. எனினும் அதில் யார் ஊற்றலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்களும் உண்டு. வாங்குவதற்கு இலையோ பந்தியோ வேண்டாம். சொம்பு, தூக்கு எதை நீட்டினாலும் போதும். சில கோயில்களில் இரவில் சோற்றைக் குவித்துக் குழம்பும் கீரையும் இட்டுக் கும்பம் படைப்பர்.

மாரியம்மனாக வழிபடப்படும் ரேணுகா, ஜமதக்னி முனிவரின் மனைவி, தீயில் இறங்கியபோது மழை பெய்து நெருப்பு அணைந்ததாகவும், கொப்புளங்களோடு வேப்பிலை உடுத்தி வந்தவளுக்கு ஊரார் கூழுக்கான மாவு முதலியவற்றைக் கொடுத்ததாகவும் கதை. கதைக்கு அப்பால் காரணம் எளிது. ஆடி விதைப்புக் காலம். குதிரில் நெல் குறைந்திருக்கும். பூச்சி எளிதில் தாக்காத கேழ்வரகோ நெடுநாள் இருக்கும். 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியமும் உண்டு.

யாழ்ப்பாணத்து ஆடிக்கூழ் வேறு வகை: அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்ந்த இனிப்புக் கூழ். ஆடி முதல் நாளில் காய்ச்சிப் பலா இலையை மடித்துக் குடிப்பர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைக் குழந்தைப் பாடலாக்கினார்.

அரிசி மலிந்தபின் கேழ்வரகு அன்றாடச் சமையலை விட்டு விலகியது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கடைகளில் அதற்கு மவுசு கூடியது. ஆனால் வெயில் காலத் தள்ளுவண்டியையும் ஆடிமாதக் கோயிலையும் விட்டால், நகரத்துப் பிள்ளைகள் பலருக்குக் கூழ் குடிக்க வேறு வாய்ப்பில்லை.