தங்கைக்கு எழுதாத கடிதங்கள்



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவை அச்சரப்பாக்கத்தில் நடத்துவது பொருத்தமானது. அவர் பிறந்த கோழியாளம் இதே மதுராந்தகம் பக்கத்து ஊர். ஆனால் நான் இன்று அவருடைய சாதனைப் பட்டியலை வாசிக்கப் போவதில்லை. அதைச் சுவரொட்டியிலேயே அடித்துவிட்டீர்கள். அவருடைய தங்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1963ஆம் ஆண்டு லண்டனில் ஒரு புத்தகம் வெளியானது. ஜவஹர்லால் நேரு தம் இளைய தங்கை கிருஷ்ணாவுக்கு எழுதிய கடிதங்களை அந்த அம்மையாரே தொகுத்து வெளியிட்டார். அவற்றில் பல சிறையிலிருந்து எழுதியவை. குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கும் மனிதரே நாட்டு நடப்பையும் அதே தாளில் எழுதுகிறார். இன்னொரு தங்கை விஜயலட்சுமி. அவருடைய கணவர் ரஞ்சித் பண்டிட் 1944 ஜனவரியில் இறந்தபோது அண்ணன் அகமதுநகர் கோட்டையில் அடைபட்டிருந்தார். விஜயலட்சுமிக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. கணவர் வழிச் சொத்தில் தகராறு வந்தது. அன்றைய இந்துச் சட்டம் மகனில்லாத விதவைக்குச் சாதகமாக இல்லை. சில ஆண்டுகளில் அந்த அண்ணனின் அமைச்சரவையிலேயே சட்ட அமைச்சராக இருந்து, பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கேட்டு இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முன்னெடுத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அது முடங்கிப்போனதைப் பொறுக்காமல் 1951இல் பதவியை விட்டார். அண்ணன் தங்கைக்கு எழுதுகிற கடிதத்துக்குள் நாட்டின் சட்டமே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சீனிவாசனின் தங்கை தனலட்சுமி. அவரை மணந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். தமிழ்நாட்டு ஒடுக்கப்பட்டோர் அரசியலின் இரண்டு பெரிய தலைகள் மாமன் மைத்துனர். நம் புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியிலும் அந்த அம்மாளின் பெயரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இருவரும் ஒத்துப்போனவர்கள் அல்லர். 1891இல் பண்டிதர் திராவிட மகாஜன சபையைத் தொடங்குகிறார். மைத்துனர் பறையர் மகாஜன சபை என்கிறார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைக்கிறார். இழிவாகச் சொல்லும் பெயரை நாமே தலை நிமிர்ந்து சொன்னால்தான் உரிமை கேட்க முடியும் என்பது அவர் கட்சி. அது பகைவர் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்பது பண்டிதர் கட்சி. 1898இல் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். சீனிவாசனோ, பின்னாளில் அம்பேத்கர் மதம் மாறுவதாக அறிவித்தபோதும், நாம் இந்து மதத்துக்குள் இருந்தால்தானே வெளியேற வேண்டும் என்று வாதிட்டவர். பெயரிலும் மதத்திலும் இப்படி முட்டிக்கொண்ட இருவரில் ஒருவர் தனலட்சுமிக்கு அண்ணன், ஒருவர் கணவர். நாம் இதைக் கொள்கை விவாதமாக மட்டும் படிக்கிறோம். அது ஒரு குடும்பத்து விவாதமும்தான்.

1900இல் சீனிவாசன் கப்பலேறினார். லண்டன் போகப் புறப்பட்டவர் ஆப்பிரிக்காவில் தங்கி, அங்கே வேலை பார்த்து, இருபது ஆண்டு கழித்துத்தான் ஊர் திரும்பினார். 1914 மே 5ஆம் நாள் அயோத்திதாசர் மறைந்தபோது மைத்துனர் கடலுக்கு அப்பால் இருந்தார். அகமதுநகர் கோட்டையை நினைத்துப் பாருங்கள். அங்கும் சாவு வீட்டுக்கு அண்ணன் வர முடியவில்லை. ஆனால் நேரு வீட்டுத் துக்கம் அச்சில் இருக்கிறது. நம் வீட்டுத் துக்கத்துக்குப் புத்தகம் இல்லை.

ஏன் இல்லை? நம்மவர் எழுதத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது, நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம் தலையில் உட்காருவார்கள் என்று 1893இல் சீனிவாசன் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவின் நீளம் 112 அடி. அதில் 3412 கையெழுத்துகள். பாராளுமன்றத்துக்கு எழுதத் தெரிந்தவருக்குத் தங்கைக்கு எழுதத் தெரியாதா?

கடிதத்துக்கு ஒரு விலாசம் வேண்டும். அங்கேதான் சிக்கல். சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் வரலாற்றில் கோயமுத்தூர்ப் பள்ளி நாட்களைச் சொல்கிறார். சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி மற்ற பிள்ளைகளோடு சேராமல், மணியடித்த பிறகே வகுப்புக்குள் போய், விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவாராம். ஆனந்த பவனம் என்றால் தபால்காரன் தேடிக்கொண்டு போவான். நமக்கு வீடு இருக்கும் இடம் தெரிவதே ஆபத்து.

தபாலாபீசு எந்தத் தெருவில் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். நாம் நடக்கக் கூடாத தெருவில் அது இருந்தால் கார்டு வாங்குவது எப்படி? 1924இல் சென்னைச் சட்டசபையில் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைப் பொதுச்சாலை, பொதுக்கிணறு என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் பொது அலுவலகமும் உண்டு. தபாலாபீசு வாசற்படியும் அந்தத் தீர்மானத்துக்குள் அடங்கியதுதான்.

அந்தச் சுயசரிதையின் பெயரே ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. அதில் பொதுவாழ்வு நிறைய, வீடு கொஞ்சம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மனு எழுதியே தேய்ந்த கை அது.

தமிழ்நாட்டு அரசியலில் கடிதத்துக்குப் பஞ்சமில்லை. அண்ணா ‘தம்பி’க்கு எழுதினார். கலைஞர் ‘உடன்பிறப்பே’ என்று எழுதினார். மு.வரதராசனார் மட்டும் ‘தங்கைக்கு’ என்று ஒரு நூலே எழுதினார், அவர் அரசியல்வாதி அல்லர். உறவுச் சொல்லை ஊருக்கே பொதுவாக்கிய நாடு இது. உறவுக்குள் எழுதிய தாளைத்தான் பத்திரப்படுத்தவில்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். என் தாய்மாமன் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். 1956 டிசம்பரில் என் அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தார். ‘அம்பேத்கர் ஐயா போய்விட்டார், இங்கே யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, பிள்ளைக்குக் காதுகுத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வை, என் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும்.’ அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துக்காட்டியிருக்கிறான். டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் அதை வைத்திருந்தார். அம்மா போன பிறகு அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட இருந்தோம். என் மனைவிதான் திறந்து பார்த்தாள்.

கோலாருக்கும் ரயில்வேக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டில் இருப்பார்கள்! அண்ணன்மார் எழுதியது பெட்டியிலோ பரணிலோ கிடக்கும். மன்றத்துப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தபால் முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கும்.