ரிசர்வ் டீம் யாருக்காக ஆடுது?

இந்த எபிசோடுல நாம பேசப்போறது கப் ஜெயிச்ச டீமைப் பத்தி இல்ல. அதுக்குப் பின்னாடி இருக்க வேண்டிய இரண்டாவது டீமைப் பத்தி. ஆனா கதையை கப்புல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கோட கடைசி நாள். சென்னை சிட்டி ஜெயிச்சா சாம்பியன். வழுக்கினா ஈஸ்ட் பெங்கால் தூக்கிட்டுப் போயிடும். மூணாவது நிமிஷத்துலயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுடுச்சு. இரண்டாவது பாதியில பெட்ரோ மான்சி பெனால்டியில சமன் பண்ணினார். அப்புறம் கௌரவ் போரா, அவரு ஒரு டிஃபெண்டர், ரெண்டு கோல் போட்டார். 3-1. சென்னை சிட்டிக்கு 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பேருல சென்னை இருந்தாலும் கப்பு தூக்கினது கோயம்புத்தூர்ல.

அடுத்து நடந்ததை வேகமா சொல்லிடறேன். எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்குப் போனார். ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கு. அஜித் குமார் பெங்களூருக்கு. கொரோனா காரணமா 2020-21 சீசன் மொத்தமும் மேற்கு வங்கத்துலயே நடந்துச்சு. 2021-22 ஐ-லீக் பட்டியல்ல சென்னை சிட்டி பேரே இல்ல. கப் ஜெயிச்சு மூணு வருஷம்கூட முழுசா ஆகல.

நான் அவிநாசிக்காரன். இங்கிருந்து அந்த ஸ்டேடியம் சுமார் 40 கிலோமீட்டர், ஒரே ரோடு. பன்னெண்டாவது முடிச்சு ஸ்கூல் டீமை விட்டு வெளிய வர்ற ஒரு பையன் இந்தப் பக்கம் அடுத்து எங்க ஆடுவான்? பெரிய டீம்ல சேர வயசும் உடம்பும் பத்தாது. வயசுப் பிரிவு டீம்ல இருக்க வயசு தாண்டிடுச்சு. பதினெட்டுல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் ஒரு பள்ளம். ரிசர்வ் லீக்குனு ஒண்ணு இருந்தா இந்தப் பள்ளத்தை மூட உதவும்.

இங்கிலாந்துல இது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். வடக்குப் பக்கக் கிளப்புகளோட இரண்டாம் அணிகளுக்கு 1911-ல சென்ட்ரல் லீக் ஆரம்பிச்சாங்க. காயத்துல இருந்து திரும்பி வர்ற சீனியர், பெஞ்சுல காத்திருக்குற ஆளு, பதினெட்டு வயசுப் பையன், மூணு பேரும் ஒரே மேட்ச்ல ஆடுவாங்க. பையன் பெரியவங்ககிட்ட மோதி ஆட்டம் கத்துப்பான். 1999-ல பிரீமியர் லீக் கிளப்புகளுக்குத் தனி ரிசர்வ் லீக் வந்துச்சு. 2012-ல அதையும் மூடிட்டு, 21 வயசுக்கு உட்பட்டோர் லீக்னு மாத்தினாங்க. சீனியர்கள் பெரும்பாலும் வெளிய போயிட்டாங்க. பையன் இன்னொரு பையன்கிட்டதான் மோதினான்.

சரி, பெரியவங்களோட ஆட வைக்கலாமேனு 2014-ல ஒரு யோசனை வந்துச்சு. இங்கிலாந்துல மேல இருக்குற நாலு டிவிஷனுக்குக் கீழ இருக்குறதெல்லாம் ‘நான்-லீக்’. அதுக்கும் நாலாவது டிவிஷனுக்கும் நடுவுல புதுசா ஒரு லீக் போட்டு, பெரிய கிளப்புகளோட பி டீமை அதுல விடலாம்னு கால்பந்து சங்கத் தலைவர் கிரெக் டைக் தலைமையிலான குழு சொல்லுச்சு. சின்னக் கிளப்புகளும் ரசிகர்களும் கொதிச்சுட்டாங்க. “நாங்க தலைமுறை தலைமுறையா ஏற முயற்சி பண்ற படியில, நீங்க குறுக்கால வந்து உக்காருவீங்களா?”ங்கறதுதான் அவங்க கேள்வி. யோசனை கைவிடப்பட்டுச்சு. 2016-ல கீழ் டிவிஷன்களுக்கான ஒரு கோப்பையில பெரிய கிளப்புகளோட இளம் டீம்களைச் சேர்த்தப்போ, பல ஊர் ரசிகர்கள் மைதானத்துக்கே போகாம புறக்கணிச்சாங்க.

ஸ்பெயின்ல நேர் எதிர். அங்க இரண்டாம் அணிகள் சாதாரண லீக் படிக்கட்டுலயே ஏறி இறங்கும். ஒரே விதி: முதல் அணி இருக்குற டிவிஷனுக்கு வர முடியாது. 1980-ல ரியல் மாட்ரிட்டோட இரண்டாம் அணியான கஸ்தியா நாட்டோட கோப்பைப் போட்டியில ஃபைனல் வரைக்கும் வந்துடுச்சு. எதிர்ல யாருனு நினைக்கறீங்க? ரியல் மாட்ரிட்டேதான். 6-1-னு தோத்தாங்க. 1983-84-ல அதே கஸ்தியா இரண்டாம் டிவிஷன்ல முதல் இடம் பிடிச்சும் மேல ஏற முடியல. ஆனா கீழ இறங்குற பயம் எப்பவும் உண்டு. அந்தப் பயம்தான் பையனை ஆளாக்குது.

இப்ப இந்தியாவுக்கு வருவோம். 2010-ல அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இளைஞர்களை மட்டும் வெச்சு இந்தியன் ஆரோஸ்னு ஒரு டீம் உண்டாக்குச்சு. 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறணும்ங்கறது கனவு. ஜெஜெ லால்பெக்லுவா மாதிரி ஆட்கள் அதுல ஆடித்தான் வளர்ந்தாங்க. 2013-ல கலைச்சாங்க. 2017-ல 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடின பசங்களை வெச்சு திரும்ப ஆரம்பிச்சாங்க. முதல் மேட்ச்லயே சென்னை சிட்டியை 3-0-னு அடிச்சாங்க. 2022-ல மறுபடி கலைச்சாங்க. கடைசி இடத்துல முடிச்சாலும் அந்த டீமுக்கு இறக்கம் கிடையாது. ஊரும் கிடையாது, உள்ளூர் ரசிகர்களும் கிடையாது. அதனால கலைச்சப்போ தெருவுல இறங்கிக் கேக்க ஆளும் இல்ல.

இடையில ஐ-லீக் இரண்டாம் டிவிஷன்ல ஐஎஸ்எல் கிளப்புகளோட ரிசர்வ் டீம்களையும் விட்டாங்க. சென்னையின் எஃப்சியும் அனுப்புச்சு. ஆனா அந்த டீம்கள் மேல ஏற முடியாது. யோசிச்சுப் பாருங்க: ஒரு பக்கம், ஏறலைனா ஸ்பான்சர் போயிடுவார்னு பதறுற சின்ன கிளப். மறுபக்கம், தோத்தாலும் ஜெயிச்சாலும் ஒண்ணும் மாறாத டீம். 2022-ல கோவாவுல ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் வந்துச்சு. எட்டு டீம், பெங்களூரு சாம்பியன். பசங்களுக்கு மேட்ச் கிடைச்சுது, நல்லதுதான். ஆனா அங்கயும் பெரும்பாலும் பையனுக்கு எதிர்ல பையன்தான்.

2025 ஜூலையில ஐஎஸ்எல் அடுத்த சீசனே நிறுத்தி வைக்கப்படுதுனு அறிவிப்பு வந்தப்போ ஒண்ணு தெளிவாச்சு. மேல இருந்து தொங்கவிட்ட கயிறு, மேல பிடி விட்டா மொத்தமா கீழ விழும். சீனியர் டீமுக்கே சம்பளம் கேள்விக்குறினா, ரிசர்வ் டீமுக்கு யார் பஸ் பிடிப்பாங்க?

இதுல என் கட்சி இதுதான். தேசிய லீக்ல ரிசர்வ் டீம் வேண்டாம். அங்க சின்ன கிளப்புகளோட இடம் அவங்களுக்கே. ரிசர்வ் டீமுக்கு இடம் மாவட்ட லீக்ல. கோவை, திருப்பூர், ஈரோட்டுல இருக்குற ஒவ்வொரு கிளப்பும் ஒரு இரண்டாம் அணியை கீழ் டிவிஷன்ல இறக்கட்டும். ஸ்பெயின் விதியே போதும்: முதல் அணிக்கு ஒரு படி கீழ வரைக்கும் ஏறலாம், தோத்தா இறங்கணும். விமானம் வேண்டாம், ஹோட்டல் வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலையில டவுன் பஸ் ஏறி வந்து ஆடிட்டு, மத்தியானம் வீட்டுல சாப்பிடலாம். எதிர்ல நிக்கிறது மில் வேலைக்குப் போற முப்பது வயசு சென்டர்-பேக்கா இருக்கும். அவரு குடுக்குற தோள் இடி எந்த அகாடமியிலும் கிடைக்காது.

எங்க ஊர்த் தேர் கிளம்பறப்போ எல்லார் கண்ணும் முன்னாடி வடத்து மேலதான். சக்கரத்துக்குக் கட்டை போடுறவங்களை யாரும் போட்டோ எடுக்கறதில்ல. ஆனா அவங்க இல்லாம அந்தத் தேர் ஒரு திருப்பம் திரும்பாது. 2019-ல கோவை கப்பை இழுத்துட்டு வந்துச்சு. கட்டை போட ஆளை மட்டும் நாம தயார் பண்ணல.

உங்க ஊர் கிளப்புக்கு இரண்டாவது டீம் இருக்கா? அது யார்கூட மோதுது? எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோடுல பேசுவோம்ங்க.