முதலில் தரவு, பிறகு சட்டம்: ஆதார் சொல்லும் பாடம்

அரசாங்கத் தகவல் முறைமைகள் வெறும் தொழில்நுட்ப விவகாரம் அல்ல. எதைப் பதிவது, எதற்குப் பயன்படுத்துவது, பிழை நேர்ந்தால் சுமை யார் தலையில் விழுவது என்பவற்றை அதிகாரத்தில் இருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள்.

இந்தியாவின் ஆதார் இதற்கு நல்ல உதாரணம். அதை வழங்கும் அதிகாரசபை 2009இல் பாராளுமன்றச் சட்டம் எதுவுமின்றி, நிர்வாக ஆணையால் உருவாக்கப்பட்டது. 2010 முதல் கைரேகையும் கருவிழிப் பதிவும் திரட்டப்பட்டன. சட்டம் வந்தது 2016இல்தான். அதுவும் நிதிச் சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்டதால், மாநிலங்களவையின் திருத்தங்களை மக்களவை நிராகரிக்க முடிந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நீக்கி, பெரும்பான்மைத் தீர்ப்பால் ஆதார் செல்லும் என்றது. அதற்குள் நூறு கோடிக்கும் அதிகமானோர் பதிவாகிவிட்டனர்.

உழைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காதபோது ரேஷன் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புவது தொழிலாளியே. முறைமையை வடிவமைத்தவர் அல்ல.

இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்திய நன்கொடை வழங்கும் உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. இயந்திரம் மறுத்தால் குடிமகன் யாரிடம் முறையிடுவது? அதற்கான விடை, இயந்திரம் வருமுன் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.