தஞ்சைக் கோட்டையில் கும்பினிப் படையும் குடியானவர் மறுப்பும்

படைக்கு இடமும் சோறும் கொடுக்கும் கடமையை எதிர்த்தவர்கள் என்றால் வரலாற்று மாணவர்களுக்கு அமெரிக்காவே நினைவுக்கு வரும். அங்கிருந்த குடியேற்றங்கள் தம் செலவில் படைவீரருக்குத் தங்குமிடமும் விறகும் மெழுகுவர்த்தியும் உப்பும் தரவேண்டும் என்று 1765இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நியூயார்க் பேரவை முழுமையாக இணங்க மறுத்தது. பேரவைத் தீர்மானங்கள் ஏட்டில் நிற்பதால் அந்த மறுப்பை அரசியல் என்கிறோம். அதே தலைமுறையில் காவிரிப் படுகையில் எழுந்த மறுப்பையோ பஞ்சக் கதையாகவும் ஒரு பாதிரியாரின் தொண்டுக் கதையாகவுமே படித்துவருகிறோம். அதுவும் அரசியலே என்பது என் வாதம்.

சோறிடும் கடமை இம்மண்ணுக்குப் பழையது. சோழர் சாசனங்களில் வரும் ‘எச்சோறு’ என்பதற்கு, அரசு ஆட்களுக்கு ஊரார் சோறிட வேண்டிய பொறுப்பு என்று அறிஞர்கள் பொருள் கொள்வர். ஊர்களுக்கு அளித்த விலக்குகளில் அதுவும் எண்ணப்படுகிறது. பாரமாக இல்லாத ஒன்றுக்கு விலக்கு எதற்கு?

1773இல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை தஞ்சையைப் பிடித்தது. 1776 ஏப்ரலில் சென்னை ஆளுநர் பிகாட் தஞ்சை மன்னர் துளஜாவை மறுபடி அரியணையில் அமர்த்தினார். அதற்கு விலை, கோட்டைக்குள் கும்பினிப் படையும் அதன் செலவுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் வராகனும். பேசி முடித்தவர்கள் லண்டனிலும் சென்னையிலும் அரண்மனையிலும் இருந்தார்கள். கொடுக்க வேண்டியிருந்தது களத்து நெல்.

1781இல் மைசூரின் ஐதர் அலியின் குதிரைப்படை டெல்டாவைச் சூறையாடியபோது கோட்டைக்குள் பட்டினி. வெளியே நெல் இருந்தது, ஏற்றிவரக் கோட்டையில் மாடு இல்லை. ஊர்களில் மாடு இருந்தும் குடியானவர்கள் ஓட்டிவரவில்லை. முன்பு நெல் கொண்டுவந்ததற்குக் கூலி வராதது அவர்களுக்கு மறக்கவில்லை. மன்னர் ஆணையும் வேண்டுகோளும் பலிக்கவில்லை. கடைசியில் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரை நாடினார்கள். அவர் ஊர்தோறும் கடிதம் அனுப்பினார்: கூலியை என் கையாலேயே தருவேன், எதிரி மாட்டைப் பிடித்தால் அதற்கும் ஈடு தருவேன். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. கோட்டைக்குள் 80,000 கலம் தானியம் சேர்ந்தது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், இரண்டு கலம் ஒரு மூட்டை என்ற நம் ஊர்க் கணக்கில் அது 40,000 மூட்டை.

இதில் பாதிரியாரின் நேர்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர் கடிதத்தை நிபந்தனைப் பத்திரமாக வாசித்தால் எதிர்த்தரப்பின் கோரிக்கை தெரியும்: கூலி, இழப்புக்கு ஈடு, பொறுப்பேற்க ஓர் ஆள். பயந்து ஒளிந்தவர்கள் என்றால் ஒரு கடிதத்துக்கு இரண்டே நாளில், எதிரிக் குதிரைகள் திரியும் வழியில், மாட்டை ஓட்டி வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் படையை வெறுத்தார்களா என்பது வேறு கேள்வி. கூலி தராத படைக்கு நெல் இல்லை என்பதை மாட்டைக் கட்டுத்தறியிலேயே நிறுத்திச் சொன்னார்கள்.

தானியம் இறக்கியதும் ஐயர் ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்து, சிறு அன்பளிப்பும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து, கொடுமை தாளாமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்கள் ஏறத்தாழ 7,000 பேர் திரும்பி ஏர் பூட்டினார்கள். அப்போதும் அவர்கள் கேட்டு வாங்கியது மன்னர் வாக்கை அல்ல, அதே ஐயரின் வாக்கை.